பென்குயினுக்கு வழியனுப்பு!



2025-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஜப்பான் நாட்டிலிருந்து ஒரு செய்தி வந்தது. மந்திரிசபை கவிழ்ந்த செய்தியல்ல. பூகம்பச் செய்தியுமல்ல. ஒரு பறவை வேலையை விட்டுப் போகப்போகிறது என்ற செய்தி!

சிரிக்காதீர்கள். அந்தச் செய்தி வந்த அன்று டோக்கியோ நகரத்து மக்கள் சிரிக்கவில்லை. கண் கலங்கினார்கள், கோபப்பட்டார்கள், 'ஏன் அனுப்புகிறீர்கள்?' என்று வலைத்தளங்களில் எழுதிக் குவித்தார்கள். அந்தப் பறவை யார்? எங்கே வேலை பார்த்தது? யார் வைத்த வேலை? அந்தக் கதையைத்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன். பறவையின் கதையாகத் தொடங்கும். போகப் போகத் தொழிலாளியின் கதையாகவும் ஆகிவிடும்.

கிழக்கு ஜப்பான் ரயில்வே கம்பெனி 2001 நவம்பர் 18-ஆம் நாள், டோக்கியோவையும் அதைச் சுற்றியும் உள்ள 424 ரயில் நிலையங்களில் ஒரு புது அட்டையைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. பெயர் சுயிகா. பணத்தை முன்கூட்டி அதில் ஏற்றிக்கொள்ள வேண்டியது; நிலைய வாசலில் இருக்கும் யந்திரத்தில் தொட்டுவிட்டு நடக்க வேண்டியது; இறங்கும் இடத்தில் மறுபடி தொட்டால் தூரத்துக்கு ஏற்ற கட்டணம் தானாகக் கழிந்துவிடும். டிக்கட் வாங்க வரிசை இல்லை, சில்லறை தேட வேண்டியதில்லை. அந்த அட்டையின் ஓரத்தில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பென்குயின் நின்றது. அதுதான் நம் கதாநாயகன்.

ஏன் பென்குயின்? ஜப்பான் மொழியில் 'சுயி சுயி' என்றால் தடங்கலில்லாமல், வழுக்கிக்கொண்டு போவதுபோல் போவது. 'சுயிகா' என்றாலே தர்ப்பூசணி. அட்டைக்கும் பச்சை நிறம். தண்ணீருக்குள் 'சுயி சுயி' என்று பாயும் உயிர் பென்குயின். தரையில் அது ஆடி அசைந்து, இப்பவோ அப்பவோ விழப்போகிறதைப்போல் நடக்கும் என்பது வேறு விஷயம்! காலை எட்டு மணிக்கு ஷின்ஜுகு நிலையத்தின் நெரிசலில் மனிதன் நடக்கிற நடையும் ஏறக்குறைய அதுதான்.

கம்பெனி நிர்வாகிகள் கூட்டம் போட்டு உண்டாக்கிய உருவமல்ல அது. சிஹாரு சகாசாகி என்ற பெண்மணி, படக்கதைப் புத்தகங்கள் எழுதி வரைகிறவர். 1967-இல் சிபா மாவட்டத்தில் பிறந்தவர், டோக்கியோ கலைப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். அவருடைய படப் புத்தகத்தில் ஏற்கெனவே உலவிக்கொண்டிருந்த பறவை அது. விளம்பரக்காரர்கள் அதைப் பார்த்தார்கள், ரயிலுக்கு அழைத்து வந்தார்கள். அவர் கோடு எப்படிப்பட்டது தெரியுமா? வாயே வரைய மாட்டார் என்று சொல்லலாம்; ஓர் அலகு, இரண்டு கண், உருண்டை உடம்பு, அவ்வளவுதான். சிரிக்கிறதா, விழிக்கிறதா என்று சொல்ல முடியாது. பார்க்கிறவன் மனநிலைக்கு ஏற்றபடி அந்த முகம் மாறும். களைத்து வருகிறவனுக்கு அதுவும் களைத்தாற்போலத் தோன்றும். அதற்குப் பெயர்கூடக் கிடையாது! 'சுயிகாவின் பென்குயின்', அதுவே பெயர், அதுவே முகவரி.

பெயரில்லாத அந்தப் பறவைக்குக் கிடைத்த வாழ்வைக் கேளுங்கள். பொம்மையாயிற்று, துண்டாயிற்று, தேநீர்க் கோப்பையாயிற்று. டோக்கியோ நிலையத்தில் அதற்கென்றே ஒரு கடை. இகேபுகுரோவில் கம்பெனியின் ஓட்டலில் அதற்கென்றே அலங்கரித்த அறை. ஷின்ஜுகு நிலையத்தில் 2016-இல் அதற்குச் சிலையும் வைத்துச் சதுக்கமும் அமைத்தார்கள். தலைவர்களுக்குச் சிலை வைக்க எத்தனை சண்டை, எத்தனை மனு! பென்குயினுக்கு ஒரு மறுப்பும் இல்லை.

ஒன்று பழுத்தால் ஊரெல்லாம் பயிரிடுவார்கள் அல்லவா? மற்றக் கம்பெனிகளும் ஆளுக்கொரு பிராணியைத் தேடிக்கொண்டு கிளம்பின. 2003-இல் மேற்கு ஜப்பான் ரயில்வே நீல நிறத்தில் ஒரு பிளாடிபஸைப் பிடித்தது. வாத்தின் அலகும் நீர்நாயின் உடம்புமாக ஆஸ்திரேலியாவில் இருக்குமே, அந்தப் பிராணி. வடக்கே ஹொக்கைடோ அட்டைக்குப் பறக்கும் அணில், அதுவும் சகாசாகி அம்மையார் கை வண்ணமே. நகோயாப் பக்கத்து அட்டைக்குக் கோழிக்குஞ்சு. கியூஷூ தீவில் ஒரு அட்டைக்குத் தவளை, இன்னொன்றுக்குக் கீரி போன்ற ஃபெர்ரட். நோவாவின் கப்பல் ரயில் ஏறிவிட்டது!

பெயர் வைத்த விதத்தைத்தான் நான் மிகவும் ரசிக்கிறேன். மொழிப்பற்று உள்ள எவனும் ரசிப்பான். ஒசாகா பக்கத்து அட்டையின் பெயர் 'இகோகா'. ஒசாகா மக்கள் தெருவில் பேசும் பேச்சில் அதற்கு 'போகலாமா, வா' என்று பொருள். கியூஷூவில் 'சுகோகா' என்று வைத்தார்கள்; அந்தப் பக்கத்துப் பேச்சில் 'அடேயப்பா, பிரமாதம்!' என்பது அது. ஃபுகுவோகா நகரத்துச் சுரங்க ரயில் அட்டைக்கு 'ஹயகாகென்'. 'வேகமான சீட்டு' என்பதை அவ்வூரார் நாக்கில் சொன்னால் இப்படித்தான் வரும். தலைநகரத்து இலக்கண மொழியை எல்லார் தலையிலும் கட்டவில்லை. அந்தந்த ஊர்த் தொழிலாளி தன் வீட்டில் பேசுகிற சொல்லை எடுத்து அட்டையில் அச்சடித்தார்கள். ஆனாலும் 2013 மார்ச் 23 முதல் இப்படிப்பட்ட பத்து அட்டைகளில் எதை வைத்திருந்தாலும் நாடெங்கும் ரயில் ஏறலாம் என்று ஆக்கிவிட்டார்கள். பேச்சு வேறு, பெயர் வேறு, பிராணி வேறு; வாசல் மட்டும் எல்லாருக்கும் திறக்கும். ஒரே பெயர், ஒரே மொழி இருந்தால்தான் நாடு ஒன்றாக இருக்கும் என்று சொல்லித் திரிகிறவர்கள் அந்த வாசலில் ஒருநாள் நின்று பார்க்கலாம்.

போகட்டும். வாசலுக்கு வருவோம்.

அட்டையை யந்திரத்தில் தொடுவது இன்று குழந்தைக்கும் தெரியும். ஆனால் 1990-களின் நடுவில் கம்பெனி சோதனை நடத்தியபோது பெரியவர்களே திண்டாடினார்கள். ஒருவர் அட்டையைச் செங்குத்தாகப் பிடித்தார், ஒருவர் கொடியசைப்பதைப்போல ஆட்டினார், ஒருவர் எங்கே காட்டுவதென்று தெரியாமல் நின்றேவிட்டார். பின்னால் வருகிறவன் அவர்மேல் மோதினான். பொறியாளர்கள் சொன்ன கணக்கோ, ஒரு மனிதனுக்கு 0.2 விநாடி! அதற்குள் அட்டையைப் படித்து, கட்டணம் கழித்து, கதவைத் திறந்தாக வேண்டும். ஷுன்ஜி யமனகா என்ற வடிவமைப்பாளர் தமாச்சி நிலையத்தில் பல வடிவங்களை வைத்து மக்கள் கையைக் கவனித்தார். யந்திரத்தின் முகத்தைப் பயணியை நோக்கிக் கொஞ்சம் சாய்த்து, ஒளியேற்றி வைத்தால், சொல்லாமலே கை அங்கே போகிறது என்று கண்டார். எவ்வளவு சாய்வு? 13.5 பாகை. தூர இருந்தே படிக்கக்கூடிய அட்டைதான். ஆனாலும் 'தொடுங்கள்' என்று சொன்னால்தான் மனிதன் ஒரு கணம் தாமதிக்கிறான், யந்திரத்துக்கும் அவகாசம் கிடைக்கிறது. மனிதனை யந்திரத்துக்கு ஏற்ப வளைக்காமல் யந்திரத்தை மனிதன் பக்கம் சாய்த்த அந்த 13.5 பாகையை நான் பாராட்டுகிறேன். யந்திரம் என்றாலே தொழிலாளிக்கு எதிரி என்று கூவுகிற கட்சிக்காரன் அல்ல நான்.

உழைக்கிறவனுக்கு அதனால் பலனே இல்லையா? இருக்கிறது. 2014 ஏப்ரலில் ஜப்பான் சர்க்கார் விற்பனை வரியை 5 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாக உயர்த்தியபோது, டோக்கியோப் பகுதியில் காகித டிக்கட்டின் கட்டணம் பத்து யென் கணக்கில் ஏறியது. அட்டைக்கோ ஒரு யென் கணக்கு. குறைந்த கட்டணம் டிக்கட்டில் 140 யென், அட்டையில் 133. தினம் இரண்டு வேளை போகிறவனுக்கு அந்த ஏழு யென் ஏழு யென்தான்.

இதெல்லாம் சரி. ஆனால் அந்த வாசலில் முன்பு யார் நின்றார்கள்? கம்பெனி நடத்தும் எந்த விழாவிலும் எழாத கேள்வி இது.

மனிதர்கள் நின்றார்கள், தோழர்களே. ஒடுக்கமான பெட்டிபோன்ற கூண்டுக்குள், சீருடை அணிந்து, கையில் டிக்கட் வெட்டும் பஞ்ச் கத்தரியோடு நின்றார்கள். நம்மூர் கண்டக்டர் கையில் பஞ்ச் இருந்ததே, அதைப்போல. டிக்கட்டை நீட்டினால் ஒரு 'டிக்'. ஆள் வராத நேரத்திலும் கத்தரி ஓயாது. டிக்-டிக், டிக்-டிக் என்று வெறுங்காற்றை வெட்டிக்கொண்டே தாளம் பிடிப்பார்கள். கை சூடு ஆறாமல் இருக்கவேண்டும் என்று. கூட்டம் அலைமோதும்போது அந்தக் கை வேகத்தைக் கண்டவர்கள் இன்றும் வியந்து பேசுகிறார்கள். இன்னொன்று: நிலையத்துக்கு நிலையம் வெட்டின் வடிவம் வேறு. ஒன்றில் அரைவட்டம், ஒன்றில் கோணம், ஒன்றில் படிக்கட்டுபோல. டிக்கட்டைப் பார்த்த மாத்திரத்தில் இன்ன ஊரில் ஏறினான் என்று பரிசோதகர் சொல்லிவிடுவார். மூளையும் கையும் சேர்ந்த வேலை அது.

அவர்கள் எப்படிப் போனார்கள்? பென்குயின் துரத்தியதா? இல்லை. உள்ளதைச் சொல்ல வேண்டும். 1967-இலேயே ஒசாகா பக்கத்தில் ஹன்கியூ ரயில்வேயின் கிதா-சென்ரி நிலையத்தில் தானியங்கி வாசல் வந்துவிட்டது. டோக்கியோவில் மட்டும் நெடுநாள் மனிதக் கை நின்றது. 1990-91 வாக்கில் காந்த டிக்கட்டை விழுங்கி அந்தப் பக்கம் துப்பும் யந்திரங்கள் அங்கும் வரிசையாக வந்தன. கத்தரி மௌனமாயிற்று. அதற்குப் பத்தாண்டு கழித்துத்தான் பென்குயின் வந்தது. காலியாக இருந்த இடத்தில் ஒரு முகம் வேண்டியிருந்தது. மனிதன் போன இடத்தில் இரும்பு மட்டும் நின்றால் மக்களுக்கு ஒட்டாது. பறவை ஒட்டவைத்தது.

நடுவில் நடந்ததைச் சொல்லாவிட்டால் கதை முழுமையாகாது. ஜப்பான் தேசிய ரயில்வேயில் 1980-இல் 4 லட்சத்துக்கு மேல் தொழிலாளர்கள் இருந்தார்கள். கடன் 37 லட்சம் கோடி யென் என்று சொல்லி, 1987 ஏப்ரல் முதல் நாள் அதைத் துண்டு துண்டாக்கித் தனியார்மயம் செய்தார்கள். அதற்குள் ஆள் 2,77,000-க்கும் கீழே இறங்கிவிட்டது. கோகுரோ என்ற தொழிற்சங்கம் எதிர்த்து நின்றது. என்ன நடந்தது? சங்கத்தில் உறுதியாக நின்றவர்களைத் தனியிடத்துக்கு மாற்றி, வண்டி ஓட்டியவனைப் புல் பிடுங்க வைத்தார்கள். புதுக் கம்பெனிகள் வேலைக்கு ஆள் எடுத்தபோது அவர்கள் பெயர் பட்டியலில் இல்லை. 1990 ஏப்ரலில் 1,047 பேர் வீதிக்கு வந்தார்கள். வழக்கு, மறியல், உண்டியல், மறுபடி வழக்கு. தீர்வு வந்தது 2010-இல்! சுமார் 2,000 கோடி யென் கொடுத்துச் சமரசம் செய்தது சர்க்கார் தரப்பு. இருபது ஆண்டு! சிறுவனாக இருந்த பிள்ளை தகப்பனாகிவிடுகிற காலம். தீர்வைக் காணாமலே கண்ணை மூடியவர்களும் அந்த 1,047-இல் உண்டு.

அந்த ஆயிரம் பேரில் எத்தனை பேருக்காக டோக்கியோ கண் கலங்கிற்று? பென்குயினுக்காகக் கலங்குகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தினமும் காலையில் பார்த்த முகத்தைப் பிரிய யாருக்குத்தான் கஷ்டமில்லை? நல்ல மனது இருப்பதால்தான் கலங்குகிறார்கள். அந்த நல்ல மனதைக் கம்பெனி எங்கே கொண்டுபோய் முடிந்து வைத்தது என்பதுதான் என் பேச்சு.

முகம் ஒன்றிருந்தால் எதையும் விற்கலாம். யோசியுங்கள்: சுயிகா என்பது என்ன? பயணி, பயணம் செய்வதற்கு முன்பே கொடுத்து வைக்கும் பணம். அட்டைக்கு 500 யென் முன்பணம். 20,000 யென் வரை ஏற்றிக்கொள்ளலாம். 2004 முதல் அதே அட்டையால் கடையில் சாமானும் வாங்கலாம் என்றாயிற்று. 10 கோடிக்கு மேல் அட்டை வெளியாகிவிட்டது. ஒவ்வொரு அட்டையிலும் செலவாகாமல் சில நூறு யென் கிடந்தாலே எவ்வளவு பணம் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். இப்படி முன்பணம் வாங்குகிற கம்பெனிகள், செலவாகாத தொகையில் பாதியையாவது பாதுகாப்பாகக் கட்டிவைக்க வேண்டும் என்று அங்கே சட்டமே இருக்கிறது. சட்டம் போட்டவர்கள் பென்குயின் முகத்தைப் பார்த்து மயங்கவில்லை.

2013-இல் இன்னொரு கூத்து. எந்த வயதினர், ஆணா பெண்ணா, எந்த நிலையத்தில் ஏறி எங்கே எத்தனை மணிக்கு இறங்குகிறார்கள் என்ற விவரங்களை, பெயரை நீக்கிவிட்டு, ஹிட்டாச்சி கம்பெனிக்கு ரயில்வே கம்பெனி விற்றது. பயணியைக் கேட்கவில்லை. விஷயம் வெளியே வந்ததும் நாடே கொதித்தது. 'என் விவரத்தைக் கொடுக்காதே' என்று பல்லாயிரம் பேர் எழுதிக் கொடுத்தார்கள். விற்பனை நின்றது. பழைய டிக்கட் வெட்டுகிறவரும் நாம் போவதையும் வருவதையும் பார்த்தவர்தான். பார்த்ததை அவர் யாருக்கும் விற்றதில்லை.

2021-இல் கம்பெனி மற்றொன்று அறிவித்தது. மனிதர் உட்கார்ந்து டிக்கட் கொடுக்கும் கவுண்டர்கள் 440 இருந்தன. 2025-க்குள் 140 ஆகக் குறைப்போம் என்றது. யந்திரம் இருக்கிறது, கைபேசி இருக்கிறது, மனிதன் எதற்கு என்பது கணக்கு. மூடிக்கொண்டே போனார்கள். மீதியிருந்த கவுண்டர்களில் வரிசை வளைந்து வளைந்து போயிற்று. முதியவர்கள், பள்ளிப் பிள்ளைகளுக்கு மாதாந்தரப் பாஸ் வாங்க வந்த தாய்மார்கள், மொழி தெரியாத வெளிநாட்டார் எல்லாரும் மணிக்கணக்கில் நின்றார்கள். கண்டனம் பெருகியது. 2024 மே மாதம், பாதிக்கு மேல் மூடிவிட்ட பிறகு, 'இனி மூடுவதை நிறுத்தி வைக்கிறோம்' என்றது நிர்வாகம். சிக்கலான கேள்வியோடு வருகிறவனுக்குப் பதில் சொல்ல ஒரு வாய் தேவைப்படுகிறது. சகாசாகி அம்மையார் அந்தப் பறவைக்கு வாய் வைக்காதது எவ்வளவு பொருத்தம்!

அடுத்த ஆண்டு, 2025-இன் நவம்பரில்தான் பறவைக்கே சீட்டுக் கிழித்தார்கள். 2026-ஆம் நிதியாண்டு முடிகிற 2027 மார்ச்சோடு பென்குயின் விடைபெறும். அட்டைக்கு 25 ஆண்டு நிறைவதை ஒட்டி வேறொரு உருவத்திடம் பொறுப்பை ஒப்படைக்கும் என்றார்கள். 'வேலை நீக்கம்' என்று சொல்லவில்லை. 'படிப்பு முடித்துப் போகிறது' என்று சொன்னார்கள். ஜப்பானில் பாட்டுக் கோஷ்டியிலிருந்து பெண் ஒருத்தி விலகினாலும் அப்படித்தான் நாசூக்காகச் சொல்வது வழக்கம். 1990-இல் அந்த 1,047 பேருக்கு இந்த நாசூக்குக்கூடக் கிடைக்கவில்லை.

வரப்போகும் சுயிகாவுக்குக் கம்பெனி போட்டிருக்கும் திட்டத்தில் தொடுவதே கிடையாதாம். சும்மா நடந்தால் போதும், வாசல் தானே கண்டுகொண்டு கணக்கைக் கழிக்குமாம். அந்த 13.5 பாகைக்கும் அப்போது வேலை போய்விடும்!

பென்குயின் பொம்மையோ துண்டோ வாங்கினால் அதன் மூலையில் பொடி எழுத்தில் உரிமை வரி ஒன்று அச்சாகியிருக்கும்: சகாசாகியின் பெயர் முதலில், பிறகு ரயில்வே கம்பெனி, பிறகு விளம்பரக் கம்பெனி. வரைந்தவர் பெயர் முதலாளியின் பெயருக்கு முன்னால் நிற்கிறது. அந்த அளவுக்கு நியாயம் நடந்ததில் எனக்குத் திருப்தி. கூண்டில் நின்றவர் பெயர் எங்கும் அச்சானதில்லை. பழைய டிக்கட்டுகளைச் சேர்த்து வைக்கிறவர்கள் ஜப்பானில் நிறைய உண்டு. அந்தப் பழுப்பேறிய அட்டைத் துண்டுகளின் விளிம்பில் அவர் வெட்டிய அரைவட்டமும் கோணமும் படிக்கட்டும் இன்னும் அப்படியே இருக்கின்றன.